பாட்டில் சத்தம் இல்லாத குரல்

பிப்ரவரி 4, புதன்

டேய் வெடி,

லெட்டரைப் பாத்ததும் யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு பயந்துடாத. நான் நல்லாத்தான் இருக்கேன். சொல்லப்போனா இந்த ஏழு வருஷத்துல இப்பத்தான் நல்லா இருக்கேன்.

திங்கக்கிழமை நீ பேசினப்போ நான் டென்டல் லேப்ல இருந்தேன். ஒரு கையில மெழுகு, இன்னொரு கையில யாரோ ஒரு பெரியவரோட கீழ்வரிசைப் பல்லு. தெரியாத நம்பர்னு முதல்ல எடுக்கல. திரும்ப அடிச்சதும் எடுத்தேன். "அக்கா"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான், பெரியவரோட பல்லு கீழ விழுந்து மூணா உடைஞ்சுது. முதலாளியம்மா முறைச்சாங்க. முறைச்சா முறைச்சுக்கட்டும். ஏழு வருஷம் கழிச்சு என் தம்பி என்னை அக்கான்னு கூப்பிட்டிருக்கான், பல்லு என்னடா பெரிய பல்லு.

உன் குரல் அப்படியே இருக்கு. ஒரு இம்மி மாறல. எனக்குத்தான் தலை நரைச்சு, முட்டி தேஞ்சு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. அதையெல்லாம் உன்கிட்ட சொன்னேனே, நீ அழற நேரத்துல இதைப் போய்ச் சொல்லியிருக்கேன் பாரு. பேச ஆள் கிடைச்சா எனக்கு வாய் நிக்காது.

உன் வண்டி மோதி ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கான்னு சொன்ன. உடனே பணம் கட்டலன்னா உள்ள தள்ளிடுவாங்கன்னு சொன்ன. யார்கிட்டயும் சொல்லாதக்கா, மானம் போயிடும்னு சொன்ன. நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்? மாடிவீட்டு அம்மாகிட்ட தண்ணி வருதா, வரலையான்னு கேக்கறதோட என் பேச்சு முடிஞ்சுது.

நீ சொன்ன கணக்குக்கு அனுப்பிட்டேன். சொந்தமா ஒரு சின்ன லேப் போடணும்னு சேத்து வச்சதுல பாதி. அதுக்காக மனசைப் போட்டு உழப்பிக்காத. இத்தனை வருஷம் அடுத்தவங்க லேப்ல பல்லு செஞ்சவ, இன்னும் நாலு வருஷம் செஞ்சா குடியா முழுகிடும்?

வைக்கறப்போ சொன்ன பாரு, "எல்லாத்துக்கும் என்னை மன்னிச்சிடுக்கா"ன்னு. எல்லாத்துக்கும்னா எதுக்குன்னு எனக்குத் தெரியும். அம்மா விஷயத்தை நீ விளக்கிச் சொல்ல வேண்டாம், நான் புரிஞ்சுக்கிட்டேன். நான் பேசினதும் அதிகம்தான். இனி உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி கத்தினேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன்.

நீ பேசின நம்பருக்கு அடிச்சா போக மாட்டேங்குது. உன் பழைய நம்பரை யாரோ ஒரு பொம்பளை எடுத்து, ராங் நம்பர்னு சொல்லி என்னை ரெண்டு திட்டும் திட்டினா. அதான் பாட்டில் ஃபேக்டரி விலாசத்துக்கு எழுதறேன். அம்மா பெட்டியில நீ எப்பவோ அனுப்பின பார்சல் அட்டை இருந்துச்சு, அதுலேருந்து எடுத்தேன். அங்கதான் இன்னும் வேலையா? போலீஸ்ல உன்னை விட்டுட்டாங்களா? வேளாவேளைக்குச் சாப்பிடறியா?

பதில் போடு. இல்லன்னா திரும்பப் பேசு. பேசுடா.

அக்கா


பிப்ரவரி 9, திங்கள்

அக்கா,

உன் லெட்டரை ஃபேக்டரி கேட்ல குடுத்தாங்க. மூணு தடவை படிச்சேன்.

நான் உனக்குப் போன் பண்ணல.

வண்டி எதுவும் மோதல. என்கிட்ட வண்டியே கிடையாது. அந்தக் கணக்கு என்னோடது இல்ல. உன்கிட்ட பேசினது ஒரு திருடன். இப்பல்லாம் ஒருத்தரோட குரல் கொஞ்சம் கிடைச்சா போதும், கம்ப்யூட்டரை வச்சு அதே குரல்ல என்ன வேணும்னாலும் பேச வைக்கிறாங்க. எங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. இங்க ஆபீஸ்ல ஒருத்தரோட மனைவிக்கு, மகள் அழற மாதிரி போன் வந்திருக்கு. மகள் அப்போ பக்கத்து அறையில தூங்கிக்கிட்டு இருந்திருக்கா.

இது கிடைச்ச உடனே பேங்குக்குப் போய்ச் சொல்லு. போலீஸ்ல எழுதிக் குடு. லேட் பண்ணாத. அந்தக் குரல் திரும்பக் கூப்பிட்டா ஒரு வார்த்தை பேசாம வச்சிடு. யார்கிட்டயும் சொல்லாதன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன்னு முடிவு பண்ணிக்க, அது என் குரலா இருந்தாலும் சரி.

வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் பதில் தெரிஞ்ச ரகசியக் கேள்வி ஒண்ணு வச்சுக்கணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. நம்ம ரெண்டு பேருக்கு என்ன வைக்கலாம்னு நேத்து பூரா யோசிச்சேன். எல்லாமே நான் அரை டிராயர் போட்ட காலத்து விஷயமாத்தான் வருது. அதுக்கப்புறம் நமக்கு நடுவுல கேக்கற மாதிரி ஒண்ணுமே இல்ல போலிருக்கு.

போன்ல என்னால பேச முடியாது. ஏன்னு கேக்காத. எழுதறேன்.

சாப்பிடறேன்.

தம்பி


பிப்ரவரி 13, வெள்ளி

மகராசா,

'தம்பி'ன்னு கையெழுத்துப் போட்டிருக்க. ரொம்ப சந்தோஷம், ஞாபகம் இருக்கே.

நீ பண்ணலயாம். சரி. அப்போ செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்கிட்ட கால் மணி நேரம் பேசினது யாரு, ஆவியா? எனக்கு இப்ப ரெண்டு தம்பி இருக்காங்க. போன்ல ஒருத்தன், எழுத்துல ஒருத்தன். போன்ல இருக்கறவன் எடுத்ததுமே "முட்டிவலி எப்படி இருக்குக்கா"ன்னு கேக்கறான். எழுத்துல இருக்கறவன் நோட்டீஸ் போர்டைப் பாத்து எழுதி அனுப்பறான். நீயே சொல்லு, நான் யாரை நம்பறது?

பொய்யைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கற? முப்பது வருஷமா பொய்ப்பல்லு செஞ்சு சோறு திங்கறவடா நான். எல்லாப் பல்லையும் வரிசையா, வெள்ளையா, பளபளன்னு வச்சா தெருவுல போறவன்கூட கண்டுபிடிச்சிடுவான். அதனால ஒரு பல்லை மயிரிழை சாய்ப்பேன். இன்னொண்ணுல டீ குடிச்ச கறை மாதிரி லேசா வைப்பேன். போட்டுக்கிட்டவரோட மனைவிக்கே சந்தேகம் வராது. என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேத்தான் பொறந்து வரணும்.

எனக்கு என்ன தோணுதுன்னு சொல்லவா? பணம் வாங்கினதை ஒத்துக்க உனக்கு வெக்கம். மன்னிப்புக் கேட்டதை ஒத்துக்கறது அதைவிட வெக்கம். போன்ல அழுதுட்ட, மறுநாள் ஆம்பளைத் திமிர் திரும்பி வந்துடுச்சு.

போன்ல பேச முடியாது, ஏன்னு கேக்காத. அடேயப்பா! இதைத்தானேடா ஏழு வருஷத்துக்கு முன்னாடியும் பண்ணின. அம்மா கடைசி அஞ்சு நாளும் அவன் குரலைக் கேக்கணும், போனைக் காதுல வைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுது. நீ எடுக்கல. 'வேலையில் இருக்கேன்'னு மெசேஜ் வரும். ஒவ்வொரு தடவையும் அதே ரெண்டு வார்த்தை. அம்மா போய் ரெண்டு நாள் கழிச்சு வந்த. மூலையில உக்காந்த. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கல. கிளம்பிட்ட. அன்னிக்கு நான் கத்தினதுல என்ன தப்பு? வாபஸ் வாங்கினதைத் திரும்ப எடுத்துக்கறேன்.

செவ்வாய்க்கிழமை பேசினவனுக்கு வக்கீல் வைக்க மீதிப் பாதியும் வேணுமாம். இருபதாம் தேதி, வெள்ளி, மத்தியானத்துக்குள்ள. அது போனா லேப் கனவு அதோட சரி. ஐம்பத்தி நாலு வயசுல திரும்ப முதல்லேருந்து சேக்க எனக்குத் தெம்பு கிடையாது. ஆனா என் தம்பி கம்பிக்குப் பின்னாடி உக்காந்திருக்கான்னா, லேப்பை வச்சு நான் என்ன செய்யப் போறேன்?

அதனால உனக்கு ஒரே ஒரு வேலை. பதினெட்டாம் தேதி, புதன், சாயந்திரம் ஆறு மணிக்குப் போன் பண்ணு. "அது நான் இல்லக்கா"ன்னு உன் வாயால சொல்லு. நம்பறேன். என் நம்பர் மாறல, உனக்கு ஞாபகம் இருந்தா. நீ பண்ணலன்னா வெள்ளிக்கிழமை காலையில நான் பேங்குல நிப்பேன். ஏன்னா பேசறவன்தான் என் தம்பி.

அக்கா


பிப்ரவரி 18, புதன்

டேய்,

ஆறு மணிக்கு முன்னாடியே மேஜை மேல போனை வச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்துட்டேன். தலையெல்லாம் வாரிக்கிட்டேன், போன்ல என்ன தெரியப் போகுதோ. மாடிவீட்டு அம்மா ஏதோ கேக்க வந்தாங்க, அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்.

ஆறு அஞ்சுக்கு அடிச்சுது. எடுத்தா, எவனோ ஒருத்தன் கத்தறான். போனைக் காதுலேருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல, நாக்கு தடிச்சவன் மாதிரி வார்த்தை மேல வார்த்தை ஏறி விழுது. நல்லா ஏத்திக்கிட்டு வந்திருப்பான் போல. பின்னாடி ஒரே கடகட சத்தம் வேற. "அக்கா, அது நான் இல்ல, அது நான் இல்ல"ங்கறான். யாருங்க நீங்கன்னு கேட்டேன். பதில் இல்ல. என் தம்பி எங்கன்னு கேட்டேன். பதில் இல்ல. நான் கேக்கறது பாட்டுக்கு ஒரு பக்கம், அவன் பேசறது பாட்டுக்கு ஒரு பக்கம். கட் பண்ணிட்டேன்.

ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்டா உன்கிட்ட. அதைச் சொல்லக்கூட ஆள் வச்சிருக்க. வச்சதுதான் வச்ச, கொஞ்சம் உன் ஜாடையில பேசத் தெரிஞ்ச ஆளா, குடிக்காத ஆளா வச்சிருக்கக் கூடாதா? உன் குரல்ல ஒரு துளி இல்ல அவன்கிட்ட.

அப்புறமும் ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். லைட் போடக்கூடத் தோணல. நீயா ஒரு தடவை பண்ணுவியோன்னுதான்.

இந்த லெட்டர் உன் கைக்கு வர்றப்போ பணம் போயிருக்கும். உன் இஷ்டப்படி நீ இரு. என் இஷ்டப்படி நான் ஏமாந்துக்கறேன். அவனாவது என்னை அக்கான்னு கூப்பிடறான்.


பிப்ரவரி 18, புதன்

அக்கா,

பேசிட்டேன். நீ கேட்ட மாதிரி என் வாயாலயே சொல்லிட்டேன். நீ என்ன பதில் சொன்னன்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது.

எழுதிட்டேன். இதை எழுத எட்டு வருஷம் ஆயிருக்கு.

பாட்டில் லைன்ல பன்னெண்டு வருஷம் நின்னேன். ஆயிரக்கணக்குல பாட்டில் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு வரும். காதுல அடைச்சுக்க ரப்பர் குடுப்பாங்க. நான் வச்சுக்க மாட்டேன். ஒரு பாட்டில் உடைஞ்சா அந்தச் சத்தம் தனியாக் கேக்கும், கேட்ட உடனே லைனை நிறுத்திடுவேன். கண்ணாடித் தூள் மத்த பாட்டில்ல விழாது. இந்த ஷிஃப்ட்ல வெடிக்கு இருக்கற காது யாருக்கும் இல்லன்னு சூப்பர்வைசர் சொல்வார். அந்தப் பெருமையில அடைக்காமலேயே நின்னேன். முதல்ல இடது பக்கம் போச்சு. அப்புறம் மெதுவா வலது. போன்ல வர்ற பேச்சுதான் முதல்ல புரியாமப் போச்சு. காது மெஷின் வாங்கி வச்சுப் பாத்தேன். இரைச்சல்தான் பெருசாச்சு, பேச்சு வரல. நேர்ல ஒருத்தர் மட்டும் பேசினா உதட்டைப் பாத்து சமாளிப்பேன். நாலு பேர் பேசினா ஒண்ணும் தெரியாது. அம்மாவை எடுத்தப்புறம் வந்தேனே, மூலையில உக்காந்தேனே, அதான். நீ என்னைப் பாத்துக் கத்தினது மட்டும் நல்லாப் புரிஞ்சுது.

இப்ப எனக்கு வேற வேலை குடுத்திருக்காங்க. வெள்ளை விளக்குக்கு முன்னாடி பாட்டில் போகும், உள்ள குமிழி இருந்தா எடுத்துப் போடணும். கண்ணு மட்டும் போதும்.

அம்மா விஷயத்தைச் சொல்லிடறேன். உன் பேரு திரையில வரும், அணையும், திரும்ப வரும். அம்மாவை வச்சுக்கிட்டுத்தான் அடிக்கறன்னு எனக்குத் தெரியும். எடுத்தா அம்மா பேசுவாங்க, எனக்குக் கேக்காது, சம்பந்தமில்லாம எதையாவது உளறுவேன், அம்மா அதோட கண்ணை மூடிடுவாங்கன்னு பயம். அதனால அந்த மெசேஜை அனுப்பினேன். அம்மாவுக்கு என் பதிலா வேணும்? என் குரல்தானே வேணும். காது கேக்கலன்னா என்ன, பேசியிருக்கலாமே! இந்தச் சின்ன விஷயம் எனக்குத் திரும்பி வர்றப்போ பஸ்ல தோணுச்சு. அதுக்கப்புறம் உன்கிட்ட என்னன்னு வந்து சொல்லுவேன்?

இன்னிக்கு ஆபீஸ் போன்லேருந்து பண்ணினேன். கிளார்க்தான் நம்பர் போட்டுக் குடுத்தார். நீ எடுத்துட்டன்னு கட்டை விரலைக் காட்டினார். அவரை வெளிய போகச் சொல்லிட்டேன். அவரையே எல்லாத்தையும் சொல்லச் சொல்லியிருக்கலாம், இன்னொருத்தர் வாயால உன்கிட்ட சொல்ல மனசு வரல. நாலு நிமிஷம் பேசினேன்னு நினைக்கறேன். திருடனைப் பத்திச் சொன்னேன். காதைப் பத்திச் சொன்னேன். அம்மாவைப் பத்திச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நீ அமைதியாக் கேட்டுக்கிட்டு இருக்கன்னு நினைச்சுக்கிட்டேன். என் குரல் மாறியிருக்கும், கத்தறேன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என் குரலே கேக்கறதில்ல.

ஆனாலும் நீ சரியாக் கேட்டியோ இல்லையோன்னு ஒரு பயம். அதான் கூரியர்ல அனுப்பறேன். வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போகாதக்கா. போன்ல என் குரல் நல்லா வந்துச்சுன்னா அது நான் இல்ல.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நான் போன்ல பேசியே எட்டு வருஷம் ஆச்சு. என் பழைய குரல் அவங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?

வெடி


பிப்ரவரி 21, சனி

வெடி,

பணம் அனுப்பல. அதை முதல்ல சொல்லிடறேன், நீ நிம்மதியா உக்காந்து மீதியைப் படி.

உன் கூரியர் இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. நேத்து அது வராமலேயே நான் பேங்குல நின்னேன். ஃபார்ம் எழுதிட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர். அப்போ போன் வந்துச்சு. "அனுப்பிட்டியாக்கா? வக்கீல் பக்கத்துலயே நிக்கறாரு." வரிசையில நிக்கறேன்டான்னு சொன்னேன். சொல்லிட்டு, என்னவோ தோணுச்சு, கேட்டேன். "எல்லாம் சரி, அம்மா விஷயத்துல நீ இன்னும் ஒரு வார்த்தை பேசலையே"ன்னு. கொஞ்சம்கூட யோசிக்கல அவன். "அம்மாகிட்ட குடுக்கா, நானே பேசிடறேன். பக்கத்துலதானே இருக்காங்க?"

வரிசையை விட்டு வெளிய வந்துட்டேன். அங்க சுவரோரமா நின்னேன். போனை வைக்கல. "அக்கா, அக்கா, அம்மாகிட்ட குடு"ன்னு உன் குரல் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. அந்த அஞ்சு நாள்ல நான் கேக்கத் தவிச்ச வார்த்தைடா அது. அதை ஒரு திருட்டுப்பய வந்து சொல்றான். உன்கிட்ட மறைக்க மாட்டேன், திருடன்னு தெரிஞ்ச பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் காதுலயே வச்சிருந்தேன். அம்மா உயிரோட இருந்திருந்தா அவங்க காதுலயும் வச்சிருப்பேன். அப்புறம்தான் கட் பண்ணினேன்.

பேங்குலயே சொன்னேன். போலீஸ்லயும் எழுதிக் குடுத்தாச்சு. போன பாதி திரும்பறது கஷ்டம்னு சொன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் இப்படி வர்றாங்களாம், அதுல பாதிப் பேர் வெக்கப்பட்டு வீட்டுல சொல்றதே இல்லையாம்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். உன் குரலை அவங்களுக்குக் குடுத்தது நான்தான்.

நீ அந்தக் காலத்துல அனுப்பின வாய்ஸ் மெசேஜ் பதினொண்ணு என்கிட்ட இருக்கு. "அக்கா, கேக்குதா? கேக்குதா? அம்மாவை மாத்திரை போடச் சொல்லு." "அக்கா, கேக்குதா? இந்த மாசம் வர முடியாது." இப்படித்தான், ஒண்ணும் பிரமாதம் இல்ல. உன் மேல அத்தனை கோபத்துலயும் ஞாயித்துக்கிழமை சாயந்திரமானா போட்டுக் கேப்பேன். எல்லாத்துலயும் பின்னாடி பாட்டில் சத்தம். பாதி வார்த்தையை அது தின்னுடும். போன மாசம் இரைச்சலை எடுத்துக் குடுக்கற ஆப், இலவசம்னு போன்ல வந்துச்சு. பதினொண்ணையும் ஏத்தினேன். பேரு, நம்பரு, யார் பேசறது, எனக்கு என்ன உறவு, எல்லாம் கேட்டுச்சு. சரி, சரின்னு அமுக்கிக்கிட்டே போனேன். பாட்டில் வேண்டாம், என் தம்பி மட்டும் போதும்னு இருந்துச்சு. அங்கேருந்துதான் போயிருக்கும், ஆனா உறுதியாச் சொல்ல முடியாதுன்னு எழுதி வாங்கின போலீஸ்கார அம்மா சொன்னாங்க. எனக்கு உறுதியாத் தெரியும்.

கறை வைக்கத் தெரிஞ்சவ, கறையே இல்லாத குரலைக் கேட்டு மயங்கியிருக்கேன் பாரு. பின்னாடி பாட்டில் சத்தம் இல்லையேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். கேக்குதா, கேக்குதான்னு ரெண்டு தடவை கேக்காம நீ என்னிக்குப் பேச்சை ஆரம்பிச்சிருக்க?

புதன்கிழமை எழுதினது இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. வந்தா பிரிக்காத. பிரிச்சுட்டன்னா, மன்னிச்சிடு. அன்னிக்குக் கத்தினது நீதானேடா? அந்தக் கடகட சத்தம் பாட்டில்தானே? நான் கட் பண்ணிட்டேன் வெடி. ஒரு நிமிஷம்கூட ஆகல. நீ அதுக்கப்புறமும் பேசியிருக்க. காதைப் பத்தி, அம்மாவைப் பத்தி எல்லாத்தையும் ஆளே இல்லாத போன்ல சொல்லியிருக்க. நான் அமைதியாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சியாமே. இந்த வரியைக் காலையிலேருந்து படிச்சுப் படிச்சு அழறேன். லேப்புக்குப் போகல. முதலாளியம்மா முறைச்சுக்கட்டும்.

எட்டு வருஷமா ஒருத்தன் காது கேக்காம இருந்திருக்கான், கூடப் பொறந்தவளுக்குத் தெரியல. நீ சொல்லல, சரி. நானும் வந்து பாக்கலையே.

எனக்கு இப்ப ஒண்ணு வேணும். மார்ச் ஒண்ணாம் தேதி, ஞாயிறு, சாயந்திரம் ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணு. ஆபீஸ் போன் வேண்டாம், உன் செல்லுல பண்ணு. நான் எடுத்ததும் திரையில செகண்டு ஓடும். அது ஓடற வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம். அதைப் பாத்துக்கிட்டே பேசு. கத்து, பரவாயில்ல. நான் கட் பண்ண மாட்டேன், பேசி முடிச்சு நீதான் வைக்கணும். மெசேஜ் எதுவும் அனுப்பாத, அதையும் எவனாவது அனுப்புவான். பேசறதைப் பேசு, மத்ததை எழுது. உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை எந்தக் கம்ப்யூட்டராலயும் போட முடியாது.

ரகசியக் கேள்வி ஒண்ணு வேணும்னு சொன்னியே, எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு. சரியா வருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்.

அக்கா


பிப்ரவரி 26, வியாழன்

அக்கா,

நீ பிரிக்காதன்னு சொன்ன லெட்டர் முந்தியே வந்துடுச்சு. பிரிச்சுட்டேன். குடிகாரன்னு எழுதினது பரவாயில்ல. லைட் போடாம உக்காந்திருந்தன்னு எழுதினதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அன்னிக்கு நான் பேசி முடிச்சு வெளிய வந்ததும் கிளார்க் ஏதோ சொன்னார். உதடு சரியாத் தெரியல. நல்லாப் பேசினீங்கன்னு சொல்றார்னு நினைச்சு நன்றி சொன்னேன். இப்ப எழுதிக் காட்டச் சொன்னேன். 'உங்க அக்கா ஏதாவது சொன்னாங்களா'ன்னு கேட்டிருக்கார்.

ஞாயித்துக்கிழமை பண்றேன். என்ன பேசறதுன்னு தெரியாம ஒரு தாள்ல குறிச்சு வச்சிருக்கேன். இதுவரைக்கும் நாலு விஷயம் சேந்திருக்கு. என் அறை சின்னது, கத்தினா பக்கத்து அறைக்காரர் சுவத்தை இடிப்பாராம். எனக்குக் கேக்காது, சுவத்துல கை வச்சாத் தெரியும். அவரு இடிச்சாலும் வைக்க மாட்டேன்.

பேசறப்போ பதிலுக்கு நீயும் பேசு. எனக்குக் கேக்காதுதான். ஆனாலும் நீ சும்மா உக்காந்திருக்க வேண்டாம்.

வெடி


மார்ச் 2, திங்கள்

வெடி,

எட்டு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், நீயும் பாத்திருப்ப.

"அக்கா, கேக்குதா? கேக்குதா?"ன்னு ஆரம்பிச்ச. கேக்குதுடா, கேக்குதுடான்னு நானும் கத்தினேன், என்னமோ உனக்குக் கேக்கற மாதிரி. முதல்ல பாதி புரியல. போகப் போகப் பழகிடுச்சு. உன் சட்டையில பொத்தான் பிச்சுக்கிட்ட கதை புரிஞ்சுது. ஃபேக்டரி வாசல்ல ஒரு பூனை உன் கூடவே நடந்து வருதுன்னு சொன்னது புரிஞ்சுது. நடுவுல பக்கத்து அறைக்காரர் இடிச்சார் போல, "இடிக்கறார்க்கா, இடிக்கட்டும்"னு சொல்லிச் சிரிச்ச. நீ சிரிச்சது மட்டும் பழைய மாதிரியே இருந்துச்சு. அம்மாவைப் பத்திச் சொன்னதையும் கேட்டேன். முழுசாக் கேட்டேன். அதுக்கு நான் சொன்ன பதில் உனக்குப் போய்ச் சேரலையே, அதனால எழுதறேன். அம்மாவுக்கு உன் மேல கோபம் இல்லடா. "அவனுக்கு ஏதோ கஷ்டம், இல்லன்னா பேசாம இருக்க மாட்டான்"னு சொன்னாங்க. அதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஏழு வருஷம் வச்சிருந்தேன். கோபம்.

இப்ப ரகசியக் கேள்வி. சனிக்கிழமை அவன் திரும்ப அடிச்சான், வேற நம்பர்லேருந்து. உன் பழைய குரல், பளிங்கு மாதிரி. "முட்டிவலி எப்படி இருக்குக்கா"ன்னான். நான் அவனை, "சாப்பிட்டியாடா"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன்க்கா, நீ சாப்பிட்டியா"ன்னு உடனே பதில் வந்துச்சு. வச்சுட்டேன். பதினொரு மெசேஜையும் அப்புறம் ஒரு தடவை கேட்டேன், பாட்டில் சத்தத்தோட இருக்கற பழசை. ஆப்பை அழிச்சாச்சு.

நேத்து உன்கிட்டயும் அதையே கேட்டேன். நீ ஏதோ குமிழி விழுந்த பாட்டிலைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்த. சாப்பிட்டியாடான்னு கேட்டேன். நீ குமிழியை விடல. திரும்பக் கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்டேன், மாடிவீட்டு அம்மா என்ன ஆச்சோன்னு எட்டிப் பாத்தாங்க. நீ பாட்டுக்குப் பாட்டில், குமிழி, வெள்ளை விளக்குன்னு பேசிக்கிட்டே போன. என் தம்பிதான்னு தெரிஞ்சுது.

நம்ம வீட்டுக்கு இனி இதுதான் கேள்வி. போன்ல நான் கேட்டு, பதில் வந்தா அது நீ இல்ல.

நீ வச்சப்புறம் வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. லைட் போட்டுட்டு உக்காந்து இதை எழுதறதுக்குத் தாள் தேடினேன். அடுத்த ஞாயிறும் ஆறு மணி. தாள்ல நாலு விஷயம் பத்தாது, இன்னும் குறிச்சு வை.

நேத்து கேட்டதை இதுல திரும்பக் கேக்கறேன், இங்கதானே உன் பதில் எனக்கு வரும்.

சாப்பிட்டியாடா?

அக்கா